லண்டன் பஸ்ஸின் மாடிப்படிகள் கற்பித்த பாடம்

நாள் முழுவதும் நாற்காலியில் அமர்ந்து தொழில் செய்வோர் இருதய நோய்க்கு இலகுவில் ஆளாகிறார்கள் என்பது இன்று சாதாரண மக்கள் மத்தியிலும் பரவலாகப் பேசப்படும் விடயம். ஆனால், அந்த உண்மை புள்ளிவிபரங்களின் துணையுடன் நிலைநாட்டப்பட்டு எழுபது ஆண்டுகளுக்குச் சற்று அதிகமான காலமே கடந்திருக்கிறது. அதற்கான சான்று கிடைத்த இடம் லண்டன் மாநகரின் சிவப்பு நிற இரட்டைத்தட்டு பஸ்களின் ஒடுங்கிய மாடிப்படி. அந்த வரலாற்றை அறிந்துகொண்டால், உடற்பருமனைக் குறைப்பதற்காக நடக்கத் தொடங்கி, சில வாரங்களில் மனம் சோர்ந்து கைவிட்டுவிடுகின்ற எம்மவர்கள் பலருக்குப் பயனுள்ளதாக இருக்கும் என்பதே இக்கட்டுரையை எழுதுவதற்கான காரணம்.

அமர்ந்திருந்து செய்யும் தொழிலின் தீங்கை முன்னைய நூற்றாண்டுகளின் மருத்துவர்கள் அறியாமல் இருந்தார்கள் என்று கூறமுடியாது. இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ரமஸ்ஸினி 1700ஆம் ஆண்டில் தொழிலாளர்களின் நோய்கள் பற்றி லத்தீன் மொழியில் வெளியிட்ட நூலில் தையற்காரர்களையும் சப்பாத்துத் தைப்பவர்களையும் குறித்து எழுதினார். ஓயாமல் குனிந்து அமர்ந்திருப்பதனால் அவர்களுக்கு ஏற்படக்கூடிய பாதிப்புகளை விபரித்த அவர், குறைந்தபட்சம் விடுமுறை நாட்களிலாவது உடலுக்கு வேலை கொடுக்குமாறு அவர்களுக்கு ஆலோசனை கூறினார். எழுதுவதையே தொழிலாகக் கொண்டவர்களுக்கும் அந்த நூலில் தனியாக ஓர் இடமுண்டு. ஆனால், அவை ஒரு கூர்மையான மருத்துவரின் அவதானங்கள். அவற்றை எண்ணி அளந்து ஒப்பிட்டுப் பார்க்கும் முறை அன்று இருக்கவில்லை.

உடற்பருமன் பற்றிய விவாதம் பொதுமக்கள் மத்தியில் பெரிதாகக் கிளம்பியது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலாகும். அதற்குக் காரணமாக இருந்தவர் ஒரு மருத்துவர் அல்ல. மரணச்சடங்குகளை ஒழுங்கு செய்யும் தொழிலில் ஈடுபட்டிருந்த வில்லியம் பான்டிங் என்ற லண்டன்வாசியே அவர். 66 வயதில் 202 இறாத்தல் எடையுடன் இருந்த அவரால் குனிந்து சப்பாத்து நாடாவைக் கட்ட முடியவில்லை. மாடிப்படிகளில் இறங்குவதென்றால் பின்பக்கமாகத் திரும்பி மெதுவாகவே இறங்கவேண்டியிருந்தது. மருத்துவர் ஒருவரின் ஆலோசனையின் பேரில் அவர் முன்னதாகப் படகு வலித்துப் பார்த்திருந்தார். தசைகள் வலுப்பெற்றன, ஆனால், பசியும் பெருகியது. எடை குறையவில்லை. படகை அவர் கைவிட்டார். பின்னர், செவிப்புலன் குறைபாட்டுக்காக அவர் நாடிய வில்லியம் ஹார்வி என்ற மருத்துவரின் அறிவுரைப்படி பாண், பட்டர், பால், சீனி, பியர், உருளைக்கிழங்கு ஆகியவற்றைப் பெருமளவுக்குத் தவிர்த்து, சுமார் ஒரு வருடத்தில் 46 இறாத்தல் எடையைக் குறைத்தார். அந்த அனுபவத்தை 1863ஆம் ஆண்டில் ஒரு சிறு பிரசுரமாக அவர் வெளியிட்டபோது அதற்குக் கிடைத்த வரவேற்பு மகத்தானது. இன்றும் சுவீடன் நாட்டு மொழியில் எடையைக் குறைக்க உணவைக் கட்டுப்படுத்துவதைக் குறிக்கும் சொல் அவரது பெயரில் இருந்து பிறந்ததேயாகும்.

பான்டிங்கின் படகையும் அவரது சாப்பாட்டுத் தட்டையும் வாசகர்கள் நினைவில் வைத்திருப்பது நல்லது. எடையைக் குறைத்தது தட்டு. படகு அந்த விடயத்தில் தோல்வி கண்டது. ஆனால், அந்தப் படகு அவரது இருதயத்துக்கு என்ன செய்திருக்கக்கூடும் என்று அன்று எவரும் கேட்கவில்லை. அந்தக் கேள்வி எழுவதற்கு மேலும் ஒன்பது தசாப்தங்கள் செல்லவேண்டியிருந்தன.

இரண்டாவது உலகப்போருக்குப் பின்னரான பிரிட்டனில் நடுத்தர வயது ஆண்கள் மாரடைப்பினால் மரணமடைவது பெரும் பிரச்சினையாக உருவெடுத்தது. காசநோயும் ஏனைய தொற்றுநோய்களும் பின்வாங்கத் தொடங்கிய வேளையில் இந்தப் புதிய கொள்ளைநோய் அவற்றின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. அதன் காரணம் தெளிவாகத் தெரியவில்லை. மாரடைப்புக்கு உள்ளானவர்களை வாரக்கணக்கில் படுக்கையில் அசையாமல் வைத்திருப்பதே அன்றைய மருத்துவ முறையாக இருந்தது. நடுத்தர வயதைக் கடந்தவர் ஓடுவதும் பாய்வதும் இருதயத்துக்கு ஆபத்தானது என்ற நம்பிக்கையும் வலுவாக இருந்தது.

இந்தப் பின்னணியில்தான் ஜெரி மொறிஸ் அரங்கிற்கு வருகிறார். 1910ஆம் ஆண்டில் லிவர்பூலில், போலந்தில் இருந்து குடியேறிய யூதக் குடும்பமொன்றில் பிறந்து, கிளாஸ்கோ நகரின் வறுமைக்கு மத்தியில் வளர்ந்த அவர் மருத்துவம் பயின்று, போர்க்காலத்தில் பிரிட்டிஷ் இராணுவ மருத்துவப் படைப்பிரிவில் பணியாற்றியவர். மருத்துவத்தை மக்களின் தொழிலோடும் வருமானத்தோடும் வாழ்க்கை நிலையோடும் சேர்த்துப் பார்க்கவேண்டும் என்பதே அவரது கொள்கை. பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிச் சபை 1948ஆம் ஆண்டில் அமைத்த சமூக மருத்துவப் பிரிவுக்கு அவர் தலைமை தாங்கினார். எந்தெந்தத் தொழில்களில் இருப்பவர்கள் மாரடைப்புக்குக் கூடுதலாக ஆளாகிறார்கள் என்பதைக் கண்டறிந்தால் நோயின் காரணத்தை நெருங்கலாம் என்று அவரும் அவரது சகாக்களும் கருதினார்கள்.

அவர்கள் தெரிவுசெய்த தொழில்களில் ஒன்று லண்டன் போக்குவரத்துச் சேவை. அன்றைய லண்டன் இரட்டைத்தட்டு பஸ்களை நினைவில் வைத்திருக்கும் வாசகர்கள் எமது நாட்டிலும் இருக்கிறார்கள். 1958ஆம் ஆண்டு ஜனவரி முதலாம் திகதி இலங்கைப் போக்குவரத்துச் சபை அமைக்கப்பட்ட பிறகு, லண்டனில் சேவையில் இருந்து விலக்கப்பட்ட இரட்டைத்தட்டு பஸ்கள் பெருந்தொகையில் கொள்வனவு செய்யப்பட்டு கொழும்பு வீதிகளில் ஓடின. முன்புறத்தில் தனியான அறையொன்றில் சாரதி அமர்ந்திருப்பார். பின்புறத்தில் திறந்த மிதிபலகை. அதையொட்டி மேல்தட்டுக்குச் செல்லும் வளைந்த படிகள். அந்தப் படிகளில் ஏறியும் இறங்கியும் இருதட்டுகளிலும் பயணிகளிடம் பணம் பெற்று பயணச்சீட்டு வழங்குவது நடத்துனரின் வேலை.

ஒரே பஸ், ஒரே பாதை, ஒரே வேளை. சாரதியும் நடத்துனரும் ஏறத்தாழ ஒரே சமூக வர்க்கத்தைச் சேர்ந்தவர்கள்; ஒரே நகரத்தின் காற்றையே சுவாசிப்பவர்கள். வேறுபாடு ஒன்றுதான் துலக்கமாகத் தெரிந்தது. சாரதி தனது வேலைநேரத்தில் பத்தில் ஒன்பது பங்கை ஆசனத்தில் அமர்ந்தபடி கழித்தார். நடத்துனரோ ஒரு வேலைநாளில் சுமார் 500 முதல் 750 வரையான படிகளை ஏறினார். ஆராய்ச்சியாளர் ஒருவர் திட்டமிட்டுப் பரிசோதனை செய்ய விரும்பினாலும் இதைவிடச் சிறந்த ஒப்பீட்டை உருவாக்குவது கடினம்.

35 வயதுக்கும் 64 வயதுக்கும் இடைப்பட்ட சுமார் 31,000 லண்டன் போக்குவரத்து ஊழியர்களின் 1949, 1950ஆம் ஆண்டுகளுக்கான நோய் மற்றும் மரணப் பதிவுகள் ஆராயப்பட்டன. வருடாந்தம் ஆயிரம் சாரதிகளில் 2.7 பேர் இருதய நாடி நோய்க்கு உள்ளாகின்ற அதேவேளை, ஆயிரம் நடத்துனர்களில் 1.9 பேரே அதற்கு உள்ளாகிறார்கள் என்று தெரியவந்தது. அது மாத்திரமல்ல, நோய் ஏற்பட்ட நடத்துனர்களிடம் அது காலந்தாழ்த்தி வந்தது. அதன் கடுமையும் குறைவாக இருந்தது. நோய் கண்ட முதல் மூன்று மாதங்களுக்குள் மரணமடைவது சாரதிகள் மத்தியிலேயே அதிகமாகக் காணப்பட்டது.

மொறிஸ் இந்த முடிவைக் கண்டவுடன் உலகுக்கு அறிவித்துவிடவில்லை. பரபரப்பான நகர வீதிகளில் வாகனம் செலுத்தும் மன அழுத்தமே சாரதிகளைப் பாதிக்கிறது என்று எவரும் வாதிடக்கூடும் அல்லவா? எனவே, தபால் திணைக்களத்தின் ஊழியர்களையும் அவர் ஆராய்ந்தார். நடந்தும் சைக்கிளிலும் கடிதங்களை விநியோகிக்கும் தபாற்காரர்கள் ஒருபுறம்; அமர்ந்திருந்து பணியாற்றும் தொலைபேசி இயக்குனர்களும் எழுதுவினைஞர்களும் மறுபுறம். அங்கும் அதே வேறுபாடு தெரிந்தது. தபாற்காரர்களின் இருதயங்கள் பாதுகாப்பாக இருந்தன. அதன் பின்னரே, 1953ஆம் ஆண்டு நவம்பரில் 'லான்செட்' மருத்துவ சஞ்சிகையில் இந்த ஆய்வு இரு பகுதிகளாக வெளியாகியது.

மருத்துவ உலகம் அதை உடனடியாக ஏற்றுக்கொண்டது என்று கூறுவதற்கில்லை. ஐயங்களைக் கிளப்புவதில் மொறிஸின் குழுவினரே முன்னணியில் நின்றனர் என்பதுதான் இந்த வரலாற்றின் சுவையான பகுதி. பஸ் ஊழியர்களுக்குச் சீருடை வழங்கும் பிரிவிடம் அவர்களின் காற்சட்டைகளின் இடுப்பு அளவுகள் பதிவாகி இருந்தன. அந்த அளவுகளைப் பெற்று ஆராய்ந்தபோது, எல்லா வயதுகளிலும் சாரதிகளின் இடுப்பு நடத்துனர்களின் இடுப்பை விடவும் பெரிதாக இருந்தது. இளம் வயதுச் சாரதிகளிடமும் கூட இந்த வேறுபாடு காணப்பட்டது. அதாவது, சாரதி ஆசனம் அவர்களைப் பருமனாக்கியது என்று மாத்திரம் சொல்லிவிட முடியாது. ஓரளவு பருமனானவர்களே சாரதித் தொழிலை நாடியிருக்கவும் கூடும். காற்சட்டை அளவுகளை ஆதாரமாகக் கொண்ட இந்த ஆய்வை 1956ஆம் ஆண்டில் அவர்கள் அதே சஞ்சிகையில் பிரசுரித்தார்கள். தமது பிரபலமான முடிவுக்குத் தாமே சவால் விடுத்த ஆய்வாளர்களின் நேர்மையை இங்கு குறிப்பிடாமல் இருக்கமுடியாது.

அப்படியானால் நடத்துனர்களைக் காப்பாற்றியது அவர்களது மெலிந்த உடலா, அல்லது படியேறும் கால்களா? பஸ் ஊழியர்களை இடுப்பளவின் அடிப்படையில் மெலிந்தவர்கள், நடுத்தரமானவர்கள், பருமனானவர்கள் என்று பிரித்துப் பார்த்தபோது அதற்கு விடை கிடைத்தது. மூன்று பிரிவுகளிலுமே இருதய நோயினால் திடீர் மரணம் அடைவோரின் விகிதம் நடத்துனர்களிடையே குறைவாக இருந்தது. தொந்தியுள்ள நடத்துனரும் தொந்தியுள்ள சாரதியை விடவும் பாதுகாப்பாக இருந்தார். இந்தக் கட்டுரையின் மையக் கருத்து இதுவே. எடையின் கணக்கு வேறு. அசைவின் கணக்கு வேறு. இரண்டும் ஒன்றுக்கொன்று உதவக்கூடியவை என்றாலும், ஒன்றில் நட்டம் வந்துவிட்டது என்பதற்காக மற்றையதன் இலாபம் இல்லாமற்போய்விடுவதில்லை.

தொழிலில் உடலுழைப்பு அருகிவரும் காலத்தில் ஓய்வுநேரப் பயிற்சி அதே பாதுகாப்பைத் தருமா என்பதே மொறிஸின் அடுத்த கேள்வி. அதற்கு அவர் தெரிவுசெய்தவர்கள் நாற்காலி வாழ்க்கைக்கு இலக்கணமான பிரிட்டிஷ் சிவில் சேவை உத்தியோகத்தர்கள். முன்னைய வெள்ளிக்கிழமையும் சனிக்கிழமையும் தாங்கள் செய்தவற்றை ஒரு திங்கட்கிழமை காலையில் எழுதித் தருமாறு சுமார் 17,000 பேரிடம் கேட்கப்பட்டது. பின்னர் அவர்களது உடல்நிலை பல வருடங்கள் அவதானிக்கப்பட்டது. கடுமையான பயிற்சியில் ஈடுபட்டவர்களுக்கு இருதய நோய் ஏற்படும் ஆபத்து மற்றையவர்களுடன் ஒப்பிடுகையில் சுமார் மூன்றில் ஒரு பங்காகவே இருந்தது என்ற முடிவு 1973ஆம் ஆண்டில் வெளியானது. அமெரிக்காவில் றால்ஃப் பஃபென்பார்கர் சான் பிரான்சிஸ்கோ துறைமுகத் தொழிலாளர்களையும் பின்னர் ஹார்வார்ட் பல்கலைக்கழகத்தின் பழைய மாணவர்களையும் ஆராய்ந்து இதே திசையிலான முடிவுகளுக்கு வந்தார். இருவரும் 1996ஆம் ஆண்டில் சர்வதேச ஒலிம்பிக் குழுவின் விளையாட்டு விஞ்ஞான விருதைப் பெற்றார்கள்.

மனித குலத்தின் வரலாற்றில் உடலுழைப்பு என்பது கூலியுடன் சேர்ந்தே வந்த ஒன்றாக இருந்தது. வயலிலும் துறைமுகத்திலும் தொழிற்சாலையிலும் மனிதன் அதைத் தேடிப் போகவேண்டி இருக்கவில்லை. எமது பத்திரிகைத் தொழிலையே எடுத்துக்கொள்வோம். ஈய எழுத்துக்களைக் கையால் கோர்த்த காலத்தில் அச்சுக்கோப்பாளர்கள் நாள்முழுவதும் நின்றபடியே வேலைசெய்தார்கள். செய்திப் பிரதியை எடுத்துக்கொண்டு ஆசிரிய பீடத்துக்கும் அச்சுக்கூடத்துக்கும் இடையே பலமுறை நடப்பது உதவி ஆசிரியர்களின் அன்றாட வேலைகளில் ஒன்று. கணினி வந்தது. செய்தியும் பக்கமும் திருத்தமும் கம்பிவழியே பயணம் செய்யத் தொடங்கின. நாம் நாற்காலியில் தங்கிவிட்டோம். இரவுக் கடமையில் தேநீரும் சிற்றுண்டியும் கூட மேசைக்கே வந்து சேர்ந்தன. வேலை இலகுவானது உண்மை. ஆனால், அந்த வேலையுடன் இனாமாகக் கிடைத்துவந்த ஆரோக்கியம் சத்தமில்லாமல் விலகிக்கொண்டது. வங்கியிலும் அரசாங்கக் காரியாலயத்திலும் கடையின் காசாளர் மேசையிலும் இருப்பவர்களுக்கும் இதே கதைதான்.

இலங்கையைப் பொறுத்தவரை இது வெறும் அழகு சம்பந்தப்பட்ட பிரச்சினை அல்ல. 2005, 2006ஆம் ஆண்டுகளில் நடத்தப்பட்ட தேசிய அளவிலான ஆய்வொன்று இருபது வயதுக்கு மேற்பட்டவர்களில் பத்துப் பேருக்கு ஒருவர் நீரிழிவு நோயாளி என்று காட்டியது. நகரப்புறங்களில் அந்த விகிதம் 16 சதவீதத்தையும் தாண்டியிருந்தது. ஐரோப்பியருடன் ஒப்பிடும்போது தெற்காசியர்கள் குறைந்த எடையிலேயே நீரிழிவுக்கும் இருதய நோய்க்கும் ஆளாகிறார்கள். அதனால் ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றரும் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றரும் இடுப்பளவின் எச்சரிக்கை எல்லைகளாகக் கொள்ளப்படுகின்றன. லண்டன் காற்சட்டைகள் சொன்ன கதையை எமது வீட்டிலுள்ள தையல் நாடாவும் சொல்லக்கூடும்.

எடையைக் குறைக்க எண்ணி நடக்கத் தொடங்குபவர்கள் ஏமாற்றமடைவது எதனால் என்பதை விளங்கிக்கொள்வது அவசியம். நடுத்தர உடல்வாகு கொண்ட ஒருவர் அரைமணி நேரம் வேகமாக நடந்தால் சுமார் 150 கலோரி செலவாகும். திரும்பிவரும் வழியில் தேநீர்க் கடையில் ஒரு மாலுபாணும் சீனி போட்ட பால்தேநீரும் அருந்தினால் செலவானதை விடவும் அதிகமாக வரவு வைக்கப்பட்டுவிடும். ஒரு மாதம் கழித்துத் தராசில் ஏறி நிற்பவர், முள் அசையாததைக் கண்டு, நடப்பதனால் பயனில்லை என்று முடிவெடுத்துச் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிடுகிறார். பான்டிங் படகைக் கைவிட்டதும் இப்படித்தான். எடையைக் குறைப்பதில் பெரும்பங்கு சோற்றுக்கோப்பையிலும் சீனிப் போத்தலிலும் இருக்கிறது. ஆனால், நடந்த ஒவ்வொரு நாளும் இருதயத்தின் கணக்கிலும், இரத்த அழுத்தத்தின் கணக்கிலும், இரத்தச் சீனியின் கணக்கிலும் வைப்பிலிடப்பட்டே வந்திருக்கிறது. தராசுக்கு அந்தக் கணக்கை வாசிக்கத் தெரியாது.

இன்னொரு தடை, எட்டமுடியாத இலக்கை வைத்துக்கொள்வது. நாளொன்றுக்கு 10,000 அடிகள் நடக்கவேண்டும் என்ற கணக்கு மருத்துவ ஆய்வில் பிறந்தது என்றே பலரும் எண்ணுகிறார்கள். டோக்கியோ ஒலிம்பிக் போட்டிகள் நடந்து முடிந்த மறுவருடம், 1965இல், ஜப்பானிய நிறுவனமொன்று விற்பனைக்கு விட்ட அடிகளை எண்ணும் கருவியின் பெயரே அது. 'பத்தாயிரம் அடி அளவி' என்பது அப்பெயரின் பொருள். சராசரி 72 வயதான சுமார் 17,000 அமெரிக்கப் பெண்களை அவதானித்து 2019ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட ஆய்வில், நாளொன்றுக்கு 4,400 அடிகள் நடந்தவர்களின் மரண விகிதம் 2,700 அடிகள் நடந்தவர்களுடையதை விடவும் கணிசமாகக் குறைந்திருந்தது. 7,500 அடிகளுக்கு மேல் கூடுதல் நன்மை பெரிதாகத் தென்படவில்லை. எதுவுமே செய்யாதவர் சிறிதளவு செய்யத் தொடங்கும்போது கிடைக்கும் நன்மையே மிகப் பெரியது என்பது இதன் சாரம்.

எட்டு மணி நேரத்துக்கும் அதிகமாக அமர்ந்திருப்போருக்கும் நம்பிக்கைக்கு இடமுண்டு. பத்து இலட்சத்துக்கும் அதிகமானோர் பற்றிய தகவல்களை ஒன்றுசேர்த்து 2016ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு, தினமும் 60 முதல் 75 நிமிடங்கள் வரை மிதமான உடலுழைப்பில் ஈடுபடுவோரிடம் நீண்டநேரம் அமர்ந்திருப்பதுடன் தொடர்புடைய மேலதிக மரண ஆபத்து மறைந்துவிடுகிறது என்று கண்டது. அவ்வளவு நேரம் ஒதுக்க இயலாதவர்களுக்கு, வாரமொன்றுக்கு குறைந்தது 150 நிமிட மிதமான உடலுழைப்பை உலக சுகாதார ஸ்தாபனம் 2020ஆம் ஆண்டின் வழிகாட்டலில் பரிந்துரைத்திருக்கிறது. பேச முடியும், ஆனால் பாட முடியாது என்ற அளவுக்கு மூச்சு வாங்கினால் அந்த நடை போதுமானது. இருதய நோயோ கட்டுப்பாடற்ற நீரிழிவோ உள்ளவர்கள் முதலில் மருத்துவரின் ஆலோசனையைப் பெற்றுக்கொள்வது நல்லது. மற்றவர்கள் பஸ்ஸில் இருந்து ஒரு தரிப்பிடம் முன்னதாக இறங்கி நடக்கலாம். மின்தூக்கியை விட்டுப் படிகளில் ஏறலாம். சக ஊழியரிடம் தொலைபேசியில் கேட்பதை எழுந்து போய்க் கேட்கலாம். இதற்கு உடற்பயிற்சி நிலையமோ விலையுயர்ந்த சப்பாத்தோ தேவையில்லை.

மொறிஸ் தனது ஆய்வின் படிப்பினையைத் தானும் பின்பற்றினார். நடுத்தர வயதில் ஓடுபவரைக் கண்டால் ஊரார் விசித்திரமாகப் பார்த்த காலத்திலேயே அவர் லண்டனின் ஹாம்ஸ்டெட் ஹீத் வெளியில் ஓடினார். தொண்ணூறு வயதைக் கடந்த பின்னரும் உடற்பயிற்சியையும் ஆராய்ச்சியையும் கைவிடவில்லை. 2009ஆம் ஆண்டு ஒக்டோபரில் அவர் காலமானபோது நூறாவது பிறந்தநாளுக்குச் சில மாதங்களே எஞ்சியிருந்தன.

அவருக்கு அந்த உண்மையைக் கற்பித்த நடத்துனர்களோ அவருக்கு முன்னதாகவே லண்டன் வீதிகளில் இருந்து விடைபெற்றுவிட்டார்கள். சாரதியே பயணக் கட்டணத்தையும் பெறும் முறை படிப்படியாகப் பரவி, பின்புற மிதிபலகையுடனான இரட்டைத்தட்டு பஸ்கள் 2005ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் திகதி வழமையான சேவையில் இருந்து விலக்கப்பட்டன. நாளொன்றுக்கு 750 படிகளை ஏறுவதற்குச் சம்பளம் கொடுத்த ஒரு தொழில் அத்துடன் வரலாறாகிப் போனது. இனிமேல் அந்தப் படிகளை ஏறும்படி எந்த முதலாளியும் எம்மை வற்புறுத்தப்போவதில்லை. அவற்றைத் தேடி ஏறவேண்டிய பொறுப்பு எம்முடையதாகிவிட்டது. தராசின் முள் அசைந்தாலும் அசையாவிட்டாலும்.